கடலுக்கு அடியில் மூக்குக் கண்ணாடி!

காதில் மாட்டும் கண்ணாடி கடலுக்குள் உதவாது. முகமூடிக்குள்ளேயே லென்ஸ் வைக்கிறார்கள். அதைப் பொருத்துவதற்கும் துடைப்பதற்கும் முறை உண்டு!

கடலில் 60 அடி ஆழம். முதுகில் காற்று அடைத்த சிலிண்டர். வாயில் ரப்பர்க் குழாய். ஒருவர் மீன்களோடு மீனாக நீந்திக் கொண்டிருக்கிறார்.

அவர் அடிக்கடி ஒரு மீட்டரை எடுத்துப் பார்க்கிறார். சிலிண்டரில் மிச்சம் இருக்கும் காற்றின் அளவை அந்த மீட்டர் காட்டும். கடலில் இறங்கும்போது அதன் முள் 200ஐத் தொட்டுக் கொண்டு நிற்கும். மூச்சு விட விட, முள் இறங்கிக் கொண்டே வரும். 50 மிச்சம் இருக்கும்போதே தண்ணீருக்கு மேலே வந்துவிட வேண்டும். இது முக்குளிப்பவர்களின் பொதுவான விதி.

முள் நிற்பது 150லா, 50லா? கண் தெளிவாக இருந்தால் ஒரு நொடியில் சொல்லிவிடலாம். கண் மங்கினால்? உயிருக்கே ஆபத்து!

தரையில் பார்வை குறைந்தால் மூக்குக் கண்ணாடி போட்டுக் கொள்கிறோம். கடலுக்குள் என்ன செய்வது? மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் முக்குளிக்கவே முடியாதா?

முடியும்! அதற்கு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

நீருக்குள் கண் ஏன் மங்குகிறது?

குளத்தில் மூழ்கிக் கண்ணைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். எல்லாம் பனிமூட்டம் போல் இருக்கும். கை விரல்கள்கூட ஒன்றோடு ஒன்று கலந்து தெரியும். நல்ல பார்வை உள்ளவர்களுக்கும் இதே கதிதான்.

காரணம் என்ன? நம் கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி போலத் தெளிவான ஒரு படலம் இருக்கிறது. டாக்டர்கள் இதைக் "கார்னியா" என்பார்கள். வெளியில் இருந்து வரும் ஒளியை வளைத்து உள்ளே அனுப்புவதில் பெரும் பங்கு இதனுடையது. கண்ணின் மொத்தச் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இதில்தான் இருக்கிறது.

ஒளி, காற்றில் இருந்து கார்னியாவுக்குள் நுழையும்போது நன்றாக வளையும். ஆனால் தண்ணீரும் கார்னியாவும் ஒளிக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே, தண்ணீரில் இருந்து வரும் ஒளி வளையாமலே உள்ளே போய்விடுகிறது. உருவம் சரியாக விழுவது இல்லை. எல்லாம் மங்கிவிடுகிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. தாய்லாந்துக்கு மேற்கே உள்ள கடலில் "மோக்கன்" என்ற மக்கள் வாழ்கிறார்கள். கடலே அவர்களுக்கு வீடு. அந்தக் குழந்தைகள் வெறும் கண்ணோடு மூழ்கி, சிப்பியும் நத்தையும் பொறுக்குவார்கள். சுவீடன் நாட்டுப் பெண் விஞ்ஞானி அன்னா கிஸ்லேன் அவர்களைச் சோதித்துப் பார்த்தார். ஐரோப்பியக் குழந்தைகளைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக அவர்களுக்கு நீருக்குள் கண் தெரிந்தது! கண்ணின் பாப்பாவை அவர்கள் மிகவும் சுருக்கிக் கொள்வதுதான் காரணம். 2003ல் இந்த ஆராய்ச்சி வெளியாயிற்று. பிறகு ஐரோப்பியக் குழந்தைகளுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களும் கற்றுக் கொண்டார்கள்!

ஆனாலும், அது முகமூடிக்கு ஈடாகாது.

முகமூடி வந்த கதை

1936ம் ஆண்டு. பிரான்சு நாட்டில் தூலோன் நகரத்தின் அருகே ஒரு கடற்கரை. கடற்படையைச் சேர்ந்த ஓர் இளைஞர் சிறிய நீச்சல் கண்ணாடி ஒன்றை அணிந்து தண்ணீருக்குள் குனிந்து பார்த்தார். உள்ளே ஓர் உலகமே தெரிந்தது! அன்றோடு அவருடைய வாழ்க்கையே மாறிவிட்டது.

அவர் பெயர் ஜாக் கூஸ்டோ. 1943ல் எமில் காஞான் என்ற என்ஜினீயரோடு சேர்ந்து, நீருக்குள் மூச்சு விட உதவும் கருவியை உருவாக்கியவர் அவரே. இப்போது உலகம் எங்கும் "ஸ்கூபா" என்று சொல்லப்படும் முக்குளிப்பு பரவியதற்கு அந்தக் கருவிதான் அடிப்படை.

கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் காற்று இருந்தால் போதும். கார்னியா மறுபடியும் வேலை செய்யத் தொடங்கிவிடும். காற்றைக் கண்ணாடிக்குள் அடைத்து வைக்கும் டப்பாதான் முகமூடி. முக்குளிப்பவர்கள் அதை "மாஸ்க்" என்பார்கள்.

ஆனால் நீச்சல் கண்ணாடி ஆழத்துக்கு ஆகாது. தண்ணீரில் 33 அடி இறங்கினால், அழுத்தம் இரண்டு மடங்கு ஆகிறது. கண்ணாடிக்குள் இருக்கும் காற்று சுருங்கப் பார்க்கும். வெளியில் இருந்து காற்று வந்து சேர வழி இல்லை. அதனால், கண்ணையும் அதைச் சுற்றி உள்ள தோலையும் அந்தக் கண்ணாடி உறிஞ்சத் தொடங்கும். கண்ணில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் உடைந்து, கண் சிவந்து போகும்.

முக்குளிக்கும் முகமூடி மூக்கையும் சேர்த்து மூடுவது இதற்காகத்தான்! கீழே இறங்க இறங்க, மூக்கால் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை உள்ளே விடுவார்கள். அழுத்தம் சரியாகிவிடும்.

கம்பி செய்யும் தொல்லை

"முகமூடிக்குள்ளேயே மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் கொண்டால் என்ன?" என்று கேட்கலாம்.

அதுதான் முடியாது. முகமூடியின் ஓரத்தில் மெல்லிய விளிம்பு உண்டு. முன்பு அதை ரப்பரில் செய்தார்கள். இப்போது "சிலிக்கோன்" என்ற மிருதுவான பொருளில் செய்கிறார்கள். அந்த விளிம்பு முகத்தோடு ஒட்டிக் கொண்டால்தான் தண்ணீர் உள்ளே வராது. மூக்குக் கண்ணாடியின் கம்பி, காதுவரை போகிறது அல்லவா? விளிம்புக்கு அடியில் கம்பி போனால், அந்த இடத்தில் சந்து விழும். சந்து வழியாகத் தண்ணீர் கொட்டும்.

ஒரு தலைமுடி விளிம்பில் சிக்கினால்கூடத் தண்ணீர் கசியும். அடர்த்தியான மீசை வைத்திருப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள்!

ஆகவே, லென்சை முகமூடியின் கண்ணாடியோடு சேர்த்துவிட வேண்டும். அது ஒன்றுதான் வழி.

யாருக்கு வேண்டும்?

மூக்குக் கண்ணாடி போட்டவர் எல்லாருக்கும் இது கட்டாயம் வேண்டும் என்பது இல்லை.

முகமூடி வழியாகப் பார்த்தால், நீருக்குள் இருக்கும் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 4 அடி தூரத்தில் இருக்கும் மீன் 3 அடியில் இருப்பது போலத் தோன்றும். ஒளி, தண்ணீரில் இருந்து காற்றுக்கு வரும்போது வளைவதால் இப்படி ஆகிறது. கிட்டப் பார்வை கொஞ்சமாக உள்ளவர்களுக்கு இது ஒரு சலுகை. அவர்களில் பலர் சாதாரண முகமூடியோடு சமாளித்துக் கொள்கிறார்கள்.

ஆனால் பவர் அதிகம் உள்ளவர்களுக்கு இந்தச் சலுகை போதாது. கூட வரும் துணைவர் கையால் காட்டும் சைகை தெரியாது. தண்ணீருக்கு மேலே வந்த பிறகு, படகு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதும் தெரியாது. நடுக்கடலில் இது பெரிய ஆபத்து!

இரண்டு வழிகள்

முதல் வழி, தயாராக விற்கும் லென்ஸ். சில முகமூடிகளில் இரண்டு கண்ணுக்கும் தனித்தனிக் கண்ணாடி இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, பவர் உள்ள கண்ணாடியைப் பொருத்திக் கொள்ளலாம். இவை பெரும்பாலும் 1, 1½, 2, 2½ என்று அரை அரையாகக் கிடைக்கும். விலையும் குறைவு. இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்கலாம். இடம் மாற்றிப் போட்டுவிடக் கூடாது.

இரண்டாவது வழி, ஒட்டும் லென்ஸ். கண் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டின்படி லென்ஸ் தேய்த்து, முகமூடிக் கண்ணாடியின் உட்புறத்தில் தெளிவான பசையால் ஒட்டுவார்கள். இதற்குக் கைதேர்ந்த ஆள் வேண்டும். பசைக்குள் ஒரு காற்றுக் குமிழி நின்றாலும் கண்ணை உறுத்தும். செலவும் கூடுதல்தான். ஆனால் ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஏற்றபடி சரியாகச் செய்யலாம்.

இரண்டு வழிக்கும் பொதுவான ரகசியம் ஒன்று உண்டு. லென்சின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். மறுபக்கம் வளைந்து இருக்கும். தட்டைப் பக்கம் தண்ணீரை நோக்கி இருக்கிறது. வளைந்த பக்கம் கண்ணை நோக்கி, காற்றில் இருக்கிறது. வளைந்த பக்கம் தண்ணீரில் பட்டால், கார்னியாவுக்கு வந்த கதிதான் அதற்கும் வரும். பவர் குறைந்து போகும்! இப்படித் தட்டைப் பக்கத்தை வெளியே வைப்பதால், படகில் இருந்தாலும் கடலுக்குள் இருந்தாலும் லென்சின் பவர் மாறுவது இல்லை.

சீட்டில் என்ன பார்க்க வேண்டும்?

பழைய சீட்டை வைத்துக் கொண்டு லென்ஸ் வாங்கக் கூடாது. கண்ணைப் புதிதாகச் சோதித்துக் கொள்வது நல்லது. "முகமூடிக்கு லென்ஸ் வேண்டும்" என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சீட்டில் சிலருக்குச் "சிலிண்டர்" என்று ஓர் எண் இருக்கும். இது முதுகில் சுமக்கும் சிலிண்டர் அல்ல! கார்னியா ஒரே சீராக வளையாமல், ஒரு பக்கம் கூடுதலாக வளைந்திருப்பதைச் சரிசெய்யும் எண் இது. தயாராக விற்கும் லென்சில் இதற்கு இடம் இல்லை. அப்போது அந்த எண்ணில் பாதியை எடுத்து, முதல் எண்ணோடு சேர்த்துக் கொள்வார்கள். உதாரணமாக, முதல் எண் மைனஸ் 2. சிலிண்டர் மைனஸ் 1. அதில் பாதி, அரை. இரண்டையும் சேர்த்தால் மைனஸ் 2½. சிலிண்டர் எண் பெரிதாக இருந்தால் இந்தக் கணக்கு உதவாது. ஒட்டும் லென்ஸ்தான் நல்லது.

இன்னொன்று, இரண்டு கண் பாப்பாக்களுக்கும் இடையே உள்ள தூரம். இது ஆளுக்கு ஆள் மாறும். பெரியவர்களில் பலருக்கு 60 மில்லிமீட்டருக்கும் 66 மில்லிமீட்டருக்கும் இடையில் இருக்கும். லென்சின் நடுப்பகுதி பாப்பாவுக்கு நேராக அமைய வேண்டும். தள்ளி அமைந்தால் கண் இழுக்கும். தலை வலிக்கும். படகில் இருக்கும்போது குமட்டல் வேறு சேர்ந்து கொள்ளும்.

முகமூடியின் கண்ணாடி, மூக்குக் கண்ணாடியைவிடக் கண்ணுக்குச் சற்றுத் தூரத்தில் இருக்கிறது. பவர் அதிகம் உள்ளவர்களுக்கு இந்தத் தூரமும் கணக்கு. அவர்களுக்கு டாக்டர் எண்ணைச் சிறிது மாற்றிக் கொடுப்பார்.

வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு

40 வயதைத் தாண்டியவர்களில் பலருக்கு வெள்ளெழுத்து வந்துவிடும். தூரத்தில் உள்ள மீன் தெளிவாகத் தெரியும். கையில் உள்ள மீட்டர் தெரியாது! உயிரைக் காக்கும் எண்களே தெரியாமல் போவதுதான் இதில் உள்ள அபாயம்.

இவர்களுக்கு முழு லென்ஸ் வேண்டியது இல்லை. முகமூடிக் கண்ணாடியின் அடிப்பகுதியில் மட்டும் சிறிய லென்ஸ் ஒன்றை வைக்கிறார்கள். நேராகப் பார்த்தால் கடல். கண்ணைத் தாழ்த்தினால் மீட்டர். வீட்டில் பத்திரிகை படிக்கப் போட்டுக் கொள்ளும் இரட்டைக் கண்ணாடியைப் போலத்தான்!

பொருத்தியதும் சோதனை

லென்ஸ் மாற்றிய முகமூடியோடு நேராகக் கடலில் இறங்கிவிடக் கூடாது.

முதலில் கண்ணாடியை மாட்டும் பள்ளத்தில் மணலோ, முடியோ, உப்போ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மணல் துகள் போதும், நீர் கசிய. கண்ணாடியை வைத்துச் சட்டத்தை அழுத்திப் பூட்டிய பிறகு, முகமூடியைக் கவிழ்த்து, உட்புறத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். சட்டத்தின் ஓரத்தில் ஈரம் கசிந்தால், மறுபடியும் கழற்றிப் பொருத்த வேண்டும்.

அடுத்து, வாரை மாட்டாமல் முகமூடியை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். கையை எடுத்த பிறகும் அது முகத்தில் ஒட்டிக் கொண்டு நின்றால், அளவு சரி. கீழே விழுந்தால் வேறு முகமூடி பார்க்க வேண்டும்.

முகமூடிக் கண்ணாடி, "டெம்பர்டு" என்ற உறுதியான கண்ணாடியாக இருக்க வேண்டும். உடைந்தாலும் அது கத்தி போன்ற நீண்ட துண்டுகளாக உடையாது. கண்ணாடியின் ஓரத்திலேயே இதைப் பொறித்து இருப்பார்கள்.

பிறகு, இடுப்பளவு தண்ணீரில் ஒருமுறை பார்த்துக் கொண்டால் கவலை இல்லை.

புதுக் கண்ணாடியில் படலம்

நல்ல லென்ஸ் போட்டாயிற்று. கடலில் இறங்கிய இரண்டாவது நிமிடமே எல்லாம் வெள்ளையாகிவிடுகிறது! ஏன்?

முகம் சூடாக இருக்கிறது. கண்ணாடி குளிர்ந்து இருக்கிறது. மூச்சிலும் வேர்வையிலும் உள்ள ஈரம், குளிர்ந்த கண்ணாடியில் சிறு சிறு துளிகளாகப் படிகிறது. குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வேர்க்கிறதே, அதே கதைதான். கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், துளிகள் பரவாமல் அப்படியே நின்றுவிடும்.

புது முகமூடியில் இந்தப் பிசுக்கு நிச்சயமாக இருக்கும். தொழிற்சாலையில் செய்யும்போது கண்ணாடியில் மெல்லிய படலம் படிந்துவிடுகிறது. அதைப் போக்காமல் முகமூடியை உபயோகிக்கக் கூடாது.

வெறும் கண்ணாடியாக இருந்தால், வெள்ளைப் பற்பசையை விரலில் எடுத்து, உட்புறத்தில் வட்டம் வட்டமாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் படலம் போய்விடும். பவர் உள்ள லென்சும் கண்ணாடியால் ஆனதாக இருந்தால், இதே முறைதான்.

ஆனால், லென்ஸ் பிளாஸ்டிக்கால் ஆனதா? பற்பசை பக்கமே போகக் கூடாது! பற்பசையில் நுண்ணிய துகள்கள் உண்டு. அவை பிளாஸ்டிக்கைக் கீறிவிடும். மூடுபனி பிடிக்காமல் இருக்க ஏற்கனவே பூச்சுப் பூசிய கண்ணாடிக்கும் பற்பசை ஆகாது. பூச்சே உரிந்து போகும். இவற்றுக்கு, பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் ஒரு சொட்டும் மெல்லிய விரலும் போதும்.

வாங்கும்போதே "கண்ணாடியா, பிளாஸ்டிக்கா? பூச்சு உண்டா?" என்று கேட்டு எழுதி வைத்துக் கொள்வது புத்திசாலித்தனம்.

தீ வேண்டாம்!

படலத்தை எரித்துவிடலாம் என்று சிலர் சிகரெட் லைட்டரின் தீயைக் கண்ணாடியின் உட்புறத்தில் காட்டுவார்கள். இது ஆபத்தான வேலை. சிலிக்கோன் விளிம்பு கருகும். கண்ணாடி விரிசல் விடலாம். ஒட்டிய லென்சாக இருந்தால், சூட்டில் பசை விட்டுப் போகும். பணம் கொடுத்து வாங்கிய லென்ஸ் ஒரு நிமிடத்தில் பாழ்!

எச்சில் வைத்தியம்

படலம் போன பிறகும், ஒவ்வொரு முறை மூழ்கும்போதும் மூடுபனிக்கு வைத்தியம் வேண்டும். உலகம் முழுவதும் முக்குளிப்பவர்கள் செய்யும் வைத்தியம் என்ன தெரியுமா? எச்சில்!

காய்ந்த கண்ணாடியின் உட்புறத்தில் எச்சிலைத் தடவி, ஒரே ஒரு முறை தண்ணீரில் அலசி, உடனே முகத்தில் மாட்டிக் கொள்வார்கள். எச்சில், துளிகளை உடைத்து மெல்லிய நீர்ப் படலமாகப் பரப்பிவிடும். அதன் வழியாகக் கண் நன்றாகத் தெரியும். அருவருப்பாக நினைப்பவர்கள், குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பூவைத் தண்ணீரில் கலந்து ஒரு சொட்டு தடவலாம். அதனால் கண் அதிகம் எரியாது. பிளாஸ்டிக் லென்சுக்கும் இரண்டும் தீங்கு செய்யாது.

ஆழத்தில் மூடுபனி பிடித்தால், கொஞ்சம் தண்ணீரை உள்ளே விட்டுக் கண்ணாடியைக் கழுவுவார்கள். பிறகு முகமூடியின் மேல் ஓரத்தை அழுத்தி, தலையை நிமிர்த்தி, மூக்கால் ஊதுவார்கள். தண்ணீர் கீழ்வழியாக வெளியேறிவிடும். முக்குளிக்கக் கற்பவர்கள் முதலிலேயே பழகும் பாடங்களில் இது ஒன்று.

உப்பே எதிரி

கடலில் இருந்து வந்ததும் முகமூடியை நல்ல தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். அப்படியே காயவிட்டால், உப்பு சிறு சிறு கற்களாகப் படியும். அதன்மேல் துணியால் துடைத்தால் லென்சில் கீறல் விழும். முதலில் தண்ணீர், பிறகுதான் துணி. துணியும் மிருதுவாக இருக்க வேண்டும். வேட்டித் தலைப்பும் சேலை முந்தானையும் வேண்டாம். அவற்றில் மணல் இருக்கும்!

நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் விளிம்பு கெடும். ஈரத்தோடு மூடி வைத்தால் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு, கெட்டியான டப்பாவில் வைக்க வேண்டும். ஒட்டிய லென்சாக இருந்தால், ஓரம் வெளுத்திருக்கிறதா, நீர் புகுந்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக் கொள்ள வேண்டும்.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்

கண்ணிலேயே ஒட்டி வைக்கும் கான்டாக்ட் லென்சோடு மூழ்குபவர்களும் உண்டு. மிருதுவான லென்சாக இருந்தால் பலர் சமாளிக்கிறார்கள். ஆனால் முகமூடிக்குள் தண்ணீர் புகும்போது கண்ணைத் திறந்தால், லென்ஸ் அடித்துக் கொண்டு போய்விடும். தண்ணீரில் உள்ள கிருமிகள் லென்சுக்கு அடியில் தங்கி, கண்ணைக் கெடுக்கவும் கூடும். கெட்டியான பழைய வகை லென்சுக்கு அடியில், மேலே ஏறி வரும்போது காற்றுக் குமிழிகள் சிக்கி உறுத்துவதையும் கண்டிருக்கிறார்கள். ஆகவே, டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. கண்ணில் ஆபரேஷன் செய்து கொண்டவர்களும், எப்போது மூழ்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக் கொள்ள வேண்டும்.

நம் கடலிலும்...

கடலில் மூழ்குவது தமிழர்களுக்குப் புதிது அல்ல. தூத்துக்குடியில் ஒரு காலத்தில் முத்துக் குளித்தார்கள். கல்லைப் பிடித்துக் கொண்டு ஆழத்துக்கு இறங்கி, மூச்சை அடக்கிச் சிப்பி அள்ளி வந்தார்கள். அங்கே கடைசியாகப் பெரிய அளவில் முத்துக் குளிப்பு நடந்தது 1961ல். சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பாம்பன் வட்டாரத்தில் பெண்கள் கண்ணாடி அணிந்து மூழ்கி, கடல்பாசி எடுத்து வருகிறார்கள்.

கண்தான் இவர்களுடைய பிழைப்பு. பாறை எது, பாசி எது, சங்கு எது என்று கண்டு சொல்வது கண். அந்தக் கண் வயதானால் மங்கும். மங்கிய கண்ணோடு தடவித் தடவித் தேடினால், கையில் முள்ளும் பாறையும்தான் கிழிக்கும்.

பொழுதுபோக்குக்கு மூழ்குபவர்களுக்கும் பிழைப்புக்கு மூழ்குபவர்களுக்கும் சட்டம் ஒன்றே. கண்ணைச் சோதித்துக் கொள்ள வேண்டும். சீட்டின்படி லென்ஸ் வாங்க வேண்டும். வாங்கியதைக் கீறாமல் காப்பாற்ற வேண்டும். தண்ணீருக்குள் நின்று கொண்டு "கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கலாமே" என்று நினைத்துப் பயன் இல்லை. அந்த வேலையைக் கரையிலேயே முடித்துவிட வேண்டும்!